நாலு இஞ்ச் இல்லாத டேப்

என் தம்பிக்கு நாற்பத்தாறு வயதில் ஓட ஆசை வந்தது. அதுவும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதற்கு முன் அவன் ஓடி நான் பார்த்ததில்லை. பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பானே தவிர, துரத்த மாட்டான். சின்ன வயதில் வீட்டில் அவனுக்கு நத்தை என்றே பெயர்.

அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அவன் தள்ளுவதைப் பார்த்ததில்லை. நிலைப்படி வந்தால் முன் சக்கரத்தை லேசாகத் தூக்கி இறக்குவான். படுத்திருப்பவருக்குக் குலுங்காது. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது என்னையும் அவன்தான் தள்ளிப் போனான். எத்தனை நிலைப்படி தாண்டினோம் என்பது எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரை நான்காவது மாடிக்குச் சாய்தளம் வழியாகத் தள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது மாடியிலேயே தம்பிக்கு மூச்சு முட்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். தபால்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் வேணா இறங்கிக்கிறேன். நீ ஏறிப் படு. மிச்சத்தை நான் தள்றேன்" என்றாராம்.

பின்னால் வந்த நர்ஸுகள் சிரித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. அவன் எங்கே போனாலும், "ஏறிப் படுக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டார்கள். அந்த வெட்கத்தில்தான் அவன் ஓட ஆரம்பித்தான்.

ஓடுவதிலும் அவனுக்கு வெட்கம். விடிந்ததும் ஆள் நடமாட்டம் அதிகமாவதற்குள் போய்விட்டு வருவான். கையில் காலி டிபன் பை ஒன்றை வைத்துக்கொண்டே ஓடுவான். யாராவது பார்த்தால், வேலைக்கு நேரமாகிவிட்டதால் ஓடுகிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அரைக்கால் டவுசர் போடவே மாட்டான்.

நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். கீழே நான், மேலே அவன் குடும்பம். அவன் மனைவி மாடிப்படியில் நின்று என்னிடம் சொல்வாள்: "அண்ணி, கல்யாணமான புதுசுல ஓடியிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும். இப்ப எதுக்கு ஓடறாரு? இனிமே யாரு துரத்தப் போறா இவரை?"

"நீதான் துரத்தணும்" என்பேன்.

"நான் துரத்தினா அன்னிக்கே மெடல் வாங்கிடுவாரு."

ஆறு மாதத்தில் அவன் தொப்பை இறங்கியது. பேன்ட் எல்லாவற்றையும் நான்தான் இடுப்பில் பிடித்துத் தைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கதவோரம் நின்றுகொண்டு, "அக்கா, சிரிக்கக் கூடாது" என்றான்.

"சொல்லுடா."

"முழு மாரத்தான் ஒண்ணு நடத்துறாங்க. நாப்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆறு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். ஓடிப் பாக்கலாம்னு இருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. அன்று எனக்கு வந்த பெருமையை வெளியே காட்டாமல் இருக்கத் தைத்துக்கொண்டிருந்த துணியைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். முப்பது வருடமாகச் சீருடை தைக்கிற கடையில் வேலை. அளவு எடுப்பதும் வெட்டுவதும் என் பொறுப்பு. நான் வெட்டிய சட்டை ஒன்றுகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதை நான் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லாத இடமே இல்லை என்றும் சொல்லலாம்.

அதனால் தம்பி ஓடுகிற பாதையை அளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவனிடம் இருப்பது பட்டன் போன். தூரம் காட்டாது. என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். முன் சக்கரத்தின் சுற்றளவை என் டேப்பால் அளந்தோம். சக்கரத்தின் வால்வில் அவன் டேப்பின் முனையை அழுத்திப் பிடித்தான். நான் டயரைச் சுற்றி இழுத்துப் படித்தேன். அறுபது இஞ்ச் டேப் ஒரு தடவையில் போதவில்லை. முடிந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி முனையை அங்கே வைத்து, மிச்சத்தை அளந்தோம். மொத்தம் தொண்ணூற்றைந்தரை.

பிறகு சக்கரக் கம்பி ஒன்றில் சிவப்புத் துணி கட்டினோம். அவன் சைக்கிளைத் தள்ள, நான் பக்கத்தில் நடந்து துணி மேலே வருவதை எண்ணினேன். நூறு சுற்றுக்கு ஒருமுறை இடது பையிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து வலது பையில் போட்டேன். இரண்டாயிரத்து அறுபத்தொரு சுற்று வந்தால் ஐந்து கிலோமீட்டர். எங்கள் வாசலில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடச் சுவர், ரயில்வே கிடங்கு என்று போய், கிடங்குக்கு அந்தப்புறம் ஒரு மின்கம்பத்தில் திரும்பி வாசலுக்கு வந்தால் சரியாக அவ்வளவு. மின்கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். தேதி, சுற்று, நிமிடம். வாசலிலிருந்து மின்கம்பம் போய்த் திரும்பும் ஒரு சுற்றுக்கு அவனுக்கு நாற்பது நிமிடம் ஆகும். எத்தனை சுற்று ஓடினாலும் ஏறக்குறைய அதே நாற்பது. நத்தை என்று சொன்னோமே, நத்தைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் கூடாது, குறையவும் குறையாது. ஏழு சுற்று ஓடிய நாளில் நான்கு மணி நாற்பது நிமிடம். முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று எழுதினேன். இதே கணக்கில் நாற்பத்திரண்டையும் முடித்தால், ஆறு மணி நேரத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் மிச்சம். அந்த இருபத்திரண்டு நிமிடத்தை நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் லேப்காரர் ஒருவர் இருக்கிறார். தூரம் காட்டும் வாட்ச் வைத்திருப்பவர். ஒருநாள் தம்பியோடு ஒரு சுற்று ஓடிவிட்டு, "அண்ணே, இது அஞ்சு இல்ல. நாலு புள்ளி அஞ்சு எட்டுதான் காட்டுது" என்றிருக்கிறார்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க வாட்ச்சைப் போய் ரிப்பேருக்குக் குடுங்க. எங்க அக்கா அளந்தது" என்றானாம்.

வீட்டுக்கு வந்து சொன்னான். எனக்கும் ரோஷம் வந்தது. "வாட்ச்சுக்கு என்ன கண்ணா இருக்கு? நான் ஒவ்வொரு சுத்தா எண்ணினேன்" என்றேன். மறுநாள் அவன் அதை அப்படியே அவரிடம் சொல்லியிருக்கிறான். அவரோடு பேச்சும் நின்றுவிட்டது.

மாரத்தானுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் தன் வீட்டு ஜன்னலின் அளவை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குத் திரைத்துணி வெட்ட என் டேப்பைக் கேட்டாள். சாதாரணமாக என் டேப்பை நான் யாரிடமும் தருவதில்லை. அன்று கொடுத்துவிட்டேன். மறுநாள் டேப்பை என் மேஜையில் போட்டாள்.

"என்னக்கா இது? திரை நாலு இஞ்ச் குட்டையாப் போச்சு. எங்க வீட்டுக்காரர், ஜன்னலுக்குப் பாவாடையா தைச்சேன்னு கேக்கறாரு. இந்த டேப்புல முதல் நாலு இஞ்சே இல்லையே!"

உண்மைதான். அதன் முனைத் தகடு பிய்ந்து, முதல் நாலு இஞ்ச் நைந்து போனபோது நானே கத்தரித்துவிட்டேன். எண்கள் தேயாத டேப் என்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை. அளவெடுக்கும்போது நாலைக் கழித்துக்கொள்வேன். வருடக்கணக்காக அப்படிச் செய்து, கழிக்கிறோம் என்ற நினைவே இல்லாமல் கழிக்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆனால் அது முனையும் என் கையிலேயே இருக்கும்போது. சக்கரத்தை அளந்த அன்று முனை தம்பியின் கையில் இருந்தது. நான் எண்ணை மட்டும் படித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தம்பி வருவதற்குள் சைக்கிளைக் கவிழ்த்துத் தனியாக அளந்தேன். எண்பத்தேழரை இஞ்ச். இரண்டு தடவை டேப்பை வைத்ததில் இரண்டு நாலு, எட்டு இஞ்ச் அதிகமாகப் படித்திருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர் இல்லை. நான்கு கிலோமீட்டர் ஐந்நூற்று எண்பது மீட்டர். வாட்ச் சொன்னது ஒரு மீட்டர்கூடப் பிசகவில்லை.

அந்த வேகத்தில் ஓடினால் தம்பிக்கு ஆறு மணி எட்டரை நிமிடம் ஆகும். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் எட்டரை நிமிடம் தாமதம்தான் வந்தது.

அப்போதே மாடியேறிச் சொல்லியிருக்கலாம். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு அதே நாளில் தனிப் போட்டி இருந்தது. பெயரை மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருந்தது. முழுதும்தான் ஓடுவேன் என்றாலும், எட்டரை நிமிடத்தை எங்கே பிடிப்பது என்று யோசித்து ஓடியிருப்பான். நான் மாடிப்படியில் பாதி ஏறினேன். மேலே அவன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"எந்த அளவு வேணா தப்பலாம். எங்க அக்கா அளவு தப்பாது. நீ வேணா பாரு, இருபது நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பேன்."

நான் இறங்கிவிட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். போட்டியன்று கூட்டமும் உற்சாகமும் எட்டு நிமிடத்தைத் தானாக இழுத்துக்கொடுத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போட்டிக்கு நான்கு நாள் முன்பு அவன் ஓடும் சட்டையோடு வந்தான்.

"அக்கா, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு போர்டு வெப்பாங்களாம். எந்தப் போர்டுல எத்தனை மணிக்கு இருக்கணும்னு ஒரு துணியில எழுதி உள்பக்கமா தைச்சுக் குடேன். பேப்பர்னா வேர்வையில ஊறிடும்."

நான் வெள்ளை நாடா ஒன்றை எடுத்தேன். சிவப்பு நூலில் தைத்தேன். ஐந்துக்கு நாற்பது நிமிடம். பத்துக்கு ஒரு மணி இருபது. பதினைந்துக்கு இரண்டு மணி. இப்படி நாற்பது வரை. ஒவ்வொரு எண்ணும் பொய் என்று தெரிந்தே, தையல் கோணாமல் தைத்தேன். அதைச் சட்டையின் இடது கைக்குள் வைத்து ஓரம் அடித்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் திருப்பிப் படித்து, "பிரமாதம்க்கா" என்றான்.

போட்டியன்று முடிவுக் கோட்டின் அருகே கயிறுக்கு வெளியே நானும் தம்பி மனைவியும் நின்றோம். ஓட்டம் தொடங்கி ஐந்து மணி முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. அவன் வரவில்லை. "அண்ணி, நேரம் ஆச்சே" என்றாள். "வருவான்" என்றேன். ஐந்து ஐம்பது. வயதானவர்கள், நொண்டிக்கொண்டு வருபவர்கள், கைகோத்துக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆறு மணி நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள். முடிவுக் கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவிலிருந்து காற்றை இறக்கினார்கள். அது மெதுவாகத் தரையில் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது. முடிக்க முடியாதவர்களை வழியில் ஏற்றி வரும் பஸ். ஐந்தாவதாக இறங்கினான். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. எங்களைப் பார்த்ததும் மார்பில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தான்.

"முப்பத்தாறுல ஏத்திட்டாங்க" என்றான். "முதல் போர்டுலயே நாலு நிமிஷம் லேட்டுக்கா. என்னடா இதுன்னு வேகமா ஓடினேன். அடுத்ததுலயும் லேட்டு. எவ்வளவு ஓடினாலும் உன் கணக்கைப் பிடிக்க முடியல. இருபத்தஞ்சுல தொடை ரெண்டும் பிடிச்சுக்கிச்சு."

அவன் வேகம் கூட்டியே பழகாதவன். தன் நடையிலேயே போயிருந்தால் எட்டு நிமிடம் தாமதமாகவாவது கோட்டைத் தன் காலால் தாண்டியிருப்பான். அவனை வேகமாக ஓட வைத்தது அந்தச் சிவப்பு நூல். நான் அவனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் சும்மா விடுவார்களா? "அண்ணே, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். அவன் முன் வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டு, சலவைக் கட்டின் பக்கமாகப் போய்வர ஆரம்பித்தான். ஷூவைப் பரண் மேல் போட்டுவிட்டதாக அவன் மனைவி சொன்னாள். இப்போது அவள் கேலி செய்யவில்லை. "ஏதாவது சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினோரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள், நான் தைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அந்த நோட்டை எடுக்கா."

எடுத்தேன்.

"நான் ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றான். தலை குனிந்திருந்தது. "ரெண்டு நாள் மழை. பள்ளிக்கூடத்தைச் சுத்தாம மைதானத்துக்குள்ள குறுக்கே புகுந்து வந்துட்டேன். உன்கிட்ட முழுச் சுத்துன்னு சொன்னேன். நீயும் நம்பி எழுதினே. அதான்க்கா. உன் கணக்கு சரி. நான்தான் ஏமாத்திட்டேன். எந்தத் தேதின்னு சொல்றேன், அடிச்சிடு."

இரண்டு நாளின் முந்நூறு மீட்டரை அவன் பன்னிரண்டு நாளாகச் சுமந்துகொண்டிருந்தான். ஏழு மாதத்துக்கான தப்பை நான் என் தையல் டப்பாவுக்குள் வைத்து மூடியிருந்தேன். டப்பாவைத் திறந்து டேப்பை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"முனையைப் பாரு."

பார்த்தான். விரலால் தடவினான்.

"நாலுல ஆரம்பிக்குது."

"ஆமா. அன்னிக்கு நீ புடிச்சே. நான் கழிக்க மறந்துட்டேன். ஒரு சுத்து நாலே முக்கால்கூட இல்லடா. வாட்ச்தான் சரி."

"எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்ல அப்போதும் ஒரு வழி இருந்தது. 'இப்பத்தான்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி."

அவன் டேப்பைச் சுருட்டினான். ஒழுங்காக, நான் சுருட்டுவதுபோலவே. மேஜையில் வைத்தான்.

"அளவு தப்பினது பரவாயில்லக்கா. யாருக்கும் வரும். ஆனா அதுக்கப்புறம் சட்டைக்குள்ள தைச்சியே" என்றான். எழுந்து போய்விட்டான்.

நான்கு நாள் அவன் என் பக்கம் வரவில்லை. அதற்குள் நோட்டில் ஒவ்வொரு வரியையும் அடித்து, பக்கத்தில் சரியான தூரத்தை எழுதினேன். நூற்றுப் பதினெட்டு வரிகள். மழை நாள் இரண்டும் எவை என்று தெரியாததால் அவற்றை மட்டும் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் ஸ்ட்ரெச்சர்காரர்கள் டீ குடிக்கிற நேரம். லேப்காரரும் இருந்தார். தம்பி என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். நான் வாசலிலேயே நின்று சொன்னேன்.

"சார், உங்க வாட்ச் சரி. என் டேப்புல நாலு இஞ்ச் இல்ல. தெரிஞ்சும் இவன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். இவன் பஸ்ஸுல வந்தது என்னாலதான்."

டேப்பை நீட்டிக் காட்டினேன். லேப்காரர் எழுந்து, "அதுக்காகவாம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? உட்காருங்க" என்றார். மூலையில் இருந்த ஆயா வாயைப் பொத்திக்கொண்டு, "நாலு இஞ்சுக்காகவா அண்ணன் பஸ் ஏறினாரு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முப்பது வருடமாக நான் சொல்லிவந்த பெருமை அந்தச் சிரிப்பில் போனது. தம்பி சிரிக்கவில்லை. தன் டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளப் போனான். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினான். கையில் காலி டிபன் பை. காலில் ஷூ.

"டேப்பை எடுக்கா."

"புதுசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்டா."

"வேண்டாம். அதே டேப்பு. முனையை நீ புடி. நான் படிக்கிறேன்."

சைக்கிளைக் கவிழ்த்தோம். நான் நாலாம் எண்ணை வால்வின் மேல் வைத்து, வைத்தது சரிதானா என்று குனிந்து பார்த்தேன். அவன் இழுத்துப் படித்தான். கழித்தான். "எண்பத்தேழரை" என்றான்.

ஐந்து கிலோமீட்டருக்கு இன்னும் நானூற்று இருபது மீட்டர் வேண்டும். மின்கம்பத்தைத் தாண்டி அதில் பாதி தூரம் போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். சக்கரம் தொண்ணூற்று நாலரைச் சுற்று. அவன் சைக்கிளைத் தள்ளினான், நான் எண்ணினேன். முடிந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், ஆஸ்பத்திரியின் பின் வாசல். காலை ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடம். அப்போதே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"வேணும்னா தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிக்கலாம்டா. அங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றேன்.

அவன் அந்த வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வேண்டாம். அளவு இங்கதானே வருது. கோடு போடு."

குனிந்து போட்டேன். நிமிர்வதற்குள் டிபன் பையை சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தான். பஸ் நிறுத்தத்தில் யாரோ, "அண்ணே, பஸ் இந்தப் பக்கம்!" என்று கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை.

நான் பையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன்.